முப்பது மைலில் வந்த நடுக்கம்

வேகமுள் முப்பதைத் தொட்டதும் கார்க்கார அண்ணையின் முழங்கைகள் நடுங்கத் தொடங்கும். அவரை நினைத்தால் முதலில் வருவது அதுதான். ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருப்பார். அது அவரையும் சேர்த்து உலுக்கும். இருபத்தைந்தில் ஒன்றும் தெரியாது. முப்பதில் பேயாட்டம். பின் ஆசனத்தில் யாரோ ஒரு கர்ப்பிணி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பாள், நான் அவளைப் பிடித்துக்கொண்டிருப்பேன். "ரோட்டு உப்பிடிக் கிடந்தா கார் என்ன செய்யும் மிஸ்ஸி?" என்பார்.

நான் அப்போது சண்டிலிப்பாயில் மருத்துவிச்சி. தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்தத் தடையில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம். எங்கள் பக்கத்தில் ஓடிய வாடகைக் கார் அவருடையது ஒன்றுதான். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்தால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்தப் புகையைக் குடித்துக்கொண்டுதான் எங்கள் தாய்மார் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்ல மனிதர். ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். எனக்கோ வாய் சும்மா கிடக்காது.

அந்தப் பங்குனியில் என் நித்திரையைக் கெடுத்தவள் ஒரு தோட்டக்காரரின் மனைவி. இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்தவள், மூன்றாவதற்கு எட்டாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் உடனே கொண்டுவரவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். உடனே என்றால் முப்பதைத் தாண்டி ஓடவேண்டும். ஓடினால் முன்சில்லு கழன்று போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

காரைத் திருத்தக் கராச்சுக்குக் கார்க்கார அண்ணை மூன்று தரம் போய்வந்துவிட்டார். கராச்காரர் ரயரைத் தடவிப் பார்த்தே காருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று சொல்லுவார் என்று பெயரெடுத்தவர். தடவிப் பார்த்தார். ரயர் ஒழுங்காகத்தான் தேய்ந்திருக்கிறது, சில்லில் ஒரு பக்கம் பாரம் கூடிவிட்டது என்று, குருநகரில் வலைக்குக் கட்டுகிற ஈயத்தை வாங்கித் தட்டி றிம்மில் பொருத்திவிட்டார். அந்த நாளில் வேறெங்கே போவது? ஆட்டம் மட்டும் போகவில்லை. ரோட்டுத்தான் பிழை என்று இருவரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

நாலாம் தரம் போகிற காலையில் தற்செயலாகக் கார்க்கார அண்ணையின் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனேன். காரை ஜக்கில் ஏற்றி, பின்சில்லுகளைக் கழற்றி முன்னுக்குப் பூட்டிக்கொண்டிருந்தார். கழற்றி வைத்த முன்ரயர்கள் நிலத்தில் கிடந்தன. உள்விளிம்பு நூல் தெரியத் தேய்ந்திருந்தது, வெளிவிளிம்பு புதிதுபோல இருந்தது.

"இதென்ன அண்ணை?"

"தேஞ்சதோடை மனிசரிட்டைப் போறதே மிஸ்ஸி? வெக்கமாக் கிடக்கும். ஒவ்வொரு தரமும் வந்து திருப்பிப் பூட்டிப்போடுவன். தாய்மார் இருக்கிற பின்பக்கத்துக்கெல்லோ நல்லது வேணும்."

எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. என் கிளினிக்குக்கு வருகிற பெண்களும் இதைத்தானே செய்கிறார்கள்! கறைபட்ட சேலையைத் தோய்த்துப் போட்டுவிட்டு, முழுகி, பவுடர் பூசி, நல்லதைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "ஒண்டுமில்லை மிஸ்ஸி" என்பார்கள்.

"காட்டப் போகேக்கை வருத்தத்தை வீட்டிலை வைச்சிட்டே போறது? கழட்டுங்கோ அண்ணை, கழட்டுங்கோ!" என்று கத்தினேன்.

தேய்ந்ததைத் திருப்பி முன்னுக்குப் பூட்டிக்கொண்டுதான் போனோம். கராச்காரர் குந்தியிருந்து, உள்ளங்கையை ரயரின் மேல் வெளியிலிருந்து உள்ளே ஓட்டினார். திருப்பி ஓட்டியபோது அரத்தில் பட்டதுபோலக் கை நின்றது. முன்பக்கத்தைக் கிளப்பி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். உள்ளே டொக் டொக் என்றது. சில்லைத் தாங்கித் திருப்புகிற இரும்பு முளை தேய்ந்துபோயிருந்தது.

"அட, நல்லதைக் கொண்டந்து காட்டிப்போட்டு என்ன வருத்தம் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது? இன்னும் ரெண்டு ஓட்டம் ஓடியிருந்தா சில்லு படுத்திருக்கும்!"

புதிய முளை வாங்க ஒரு கடையும் இல்லை. கடைச்சல் பட்டறையில் கொடுத்துச் செய்விக்க மூன்று நாள் வேண்டும். கார்க்கார அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"அதுக்கிடையிலை அந்தப் பிள்ளைக்கு ஏதுமெண்டா?"

"விடுங்கோ அண்ணை. அவளுக்கு இன்னும் நாள் கிடக்கு." அதைச் சொன்னது நான்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவளுக்கு இரத்தம் கண்டது. கார் முன்சில்லில்லாமல் கட்டைகளின் மேல் நின்றது. உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தினோம். மெசின் ஆள் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடப் போனது. கார்க்கார அண்ணை சைக்கிளில் எங்களுக்கு முன்னால் ஓடினார். வாய் திறக்காத மனிதர், "விலத்துங்கோ, விலத்துங்கோ" என்று யாழ்ப்பாணம்வரை கத்திக்கொண்டே போனார். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை தப்பவில்லை. ஆண்பிள்ளை.

பத்து நாள் கழித்து அவளைக் கூட்டிவர அந்தக் காரில்தான் போனோம். புருசன் முன்னுக்கு இருந்தார், அவளும் நானும் பின்னுக்கு. அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பட்டணம் கழிந்ததும் வேகம் ஏறியது. இருபத்தைந்து. முப்பது. நாலு பேரும் ஸ்ரேறிங்கையே பார்த்தோம். ஸ்ரேறிங் அசையவில்லை. கார் வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப ஆடேல்லை, என்ன அண்ணை?" என்றாள் அவள்.

"ஓம் பிள்ளை" என்றார். அதற்குமேல் அவரால் ஓட்ட முடியவில்லை. காரை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய், ஒரு வேலியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவள் என் தோளில் சாய்ந்து குரலெடுத்து அழுதாள்.

இன்றைக்கு அந்த ரோட்டு கண்ணாடிபோலக் கிடக்கிறது. அறுபதில் போனாலும் மடியில் வைத்த தேத்தண்ணி சிந்தாது. அன்றைக்குக் காரைத் திருத்தக் கொடுத்தது சரிதான். இல்லாவிட்டால் அவளோடு நாங்களும் வழியிலேயே செத்திருப்போம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் தனியே இருக்கும்போது, இன்னும் ஒரேயொரு தரம் அது ஆடி ஆடியாவது ஓடியிருக்காதா என்று மனம் கேட்கிறது. கார்க்கார அண்ணை சாகும்வரை அதை என்னிடம் கேட்கவில்லை, ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. ஒரு தரமாவது ஏசியிருந்தால் நான் அவர் முன்னாலேயே அழுது முடித்திருப்பேன்.