குடைக்கு விழுந்த ஒரு ஓட்டு

திருவொற்றியூரில் நாங்கள் இருக்கிற ஹவுசிங் போர்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். தேர்தல் முறையை மாற்றலாமா என்று வீடு வீடாகக் கருத்துக் கேட்கிறாளாம். முகமெல்லாம் வியர்வை. பாவமாக இருந்தது, உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டேன். வேறு யாராவது என் வாசலில் நின்று தேர்தல் பேச்சை எடுத்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எனக்குத் தேர்தல் என்றாலே ஆகாது. அப்பாவை அதுதான் கொன்றது.

நாங்கள் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்துக்காரர்கள். அங்கே ஓட்டு யாருக்கு என்பதை ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்யும். தப்பென்று சொல்லமாட்டேன். நாலு தெரு ஜனம் நாலு பக்கம் போட்டால் ஜெயித்தவன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். மொத்தமாகப் போட்டால்தான் தெருவிளக்காவது எரியும். அந்த முறை அப்பா கூட்டத்தில் எழுந்து, ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் விடுவதைத் தட்டிக் கேட்கிற ஒரே ஆள் குடைச் சின்னத்துக்காரர்தான், அவருக்குப் போடுவோம் என்றார். ஜெயிக்காதவனுக்குப் போட்டு என்ன பிரயோசனம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். சரி, ஊர் சொன்னபடியே போடுகிறேன் என்று அப்பாவும் வாக்குக் கொடுத்தார்.

குப்பத்துக்கென்று தனி வாக்குச்சாவடி. எண்ணும்போது மெஷின் மெஷினாகச் சொல்வார்கள் அல்லவா? எங்கள் மெஷினில் குடைக்கு ஒரே ஒரு ஓட்டு இருந்தது. பிறகென்ன, எல்லார் கண்ணும் அப்பா மேல். அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். ஒருத்தரும் நம்பவில்லை. ஊரைவிட்டு ஒதுக்கினார்கள். அவரோடு பேசக்கூடாது, அவர் மீனை வாங்கக்கூடாது, அவர் படகில் ஏறக்கூடாது. இரண்டு பேர் போகவேண்டிய படகில் தனியாகவே போனார். ஒரு விடியற்காலையில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து கிடந்தது. அப்பாவைப் பாலத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். செத்தவன்மேல் என்ன கோபம் என்று ஊர் இடுகாட்டிலேயே புதைக்க விட்டார்கள். பெரிய மனசு!

அப்பா இன்னமும் வருகிறார். காலையில் வாசல் கழுவிவிட்டு நிமிர்ந்தால் மாடிப்படியில் ஈர லுங்கியோடு நிற்பார். "நான் போடலம்மா" என்பார். எனக்குப் பயமில்லை, அழுகைதான் வரும். போட்டது யாரென்று தெரிந்தால் குப்பத்து நடுவில் நிறுத்தி, அப்பா மேல் விழுந்த பழியைத் துடைக்கவேண்டும். இத்தனை வருஷமாக எனக்கு இருந்த வைராக்கியம் அது ஒன்றுதான்.

வந்த பெண் பொறுமையாக விளக்கினாள். "இப்ப ஜெயிச்சவங்களுக்குப் போட்டது மட்டும்தான் கணக்கு. விகிதாசார முறைன்னா, ஒரு கட்சிக்கு மாநிலம் பூரா எவ்ளோ ஓட்டு விழுதோ அந்த அளவுக்கு சீட்டு. தோத்தவங்களுக்குப் போட்டதும் வீணாகாது."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஆட்டோக்காரர், "அதெல்லாம் பேஜாரும்மா. சாக்கடை ரொம்பிக்கினா நான் யாரு சட்டையப் புடிக்கிறது? இப்பன்னா எம்மெல்லே வூடு எங்க கீதுன்னு தெரியும்" என்றார்.

முறத்தில் சென்னாக்குன்னிக் கருவாடு புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்தாள். "அப்போ ஊரோட சேராம தனியா ஒரு ஆளு போட்டாக்கூட, அந்த ஓட்டு எங்கனா போய்ச் சேருமா?"

"சேரும்மா. வேற ஊர்ல விழுந்ததோட சேர்ந்துக்கும்."

"எந்தக் குப்பத்துல எத்தினி விழுந்துச்சுன்னு அதுலயும் சொல்லுவாங்களா?"

அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். "அது தெரியலம்மா. சொல்லுவாங்கன்னு நெனைக்கிறேன்."

"அப்போ வேணாம்னு போட்டுக்கோ" என்று அம்மா மறுபடி முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் போனதும், ஏன் அப்படிக் கேட்டாய் என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடைக்குப் போட்டது நான்தான்டி."

நான் முறத்தைப் பிடித்து நிறுத்தினேன்.

"உங்க நைனா அவ்ளோ ஆசப்பட்டாரு. வாக்கு குடுத்துட்டாரு, அவரால போட முடியல. நான் போட்டா யாருக்குத் தெரியப்போவுதுன்னு போட்டேன். மெஷினு காட்டிக் குடுக்கும்னு நான் இன்னாத்த கண்டேன்?"

"நைனாவுக்குத் தெரியுமா?"

"ஓட்டு எண்ணுன அன்னிக்கே அழுதுகினே சொன்னேன். வாயத் தொறந்தியோ தொலைச்சுடுவேன், என்னத்தான சொல்றானுங்க, சொல்லிட்டுப் போவட்டும்னுட்டாரு."

ஐயோ, எத்தனை தேர்தலுக்கு, எத்தனை சாபம்! போட்டவன் கை விளங்காமல் போக என்று அம்மா எதிரிலேயே மண் வாரித் தூற்றியிருக்கிறேன். அவளும் சோறு போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள். ஆத்திரம் தாங்கவில்லை. நாளைக்கே குப்பத்தில் போய்ச் சொல்லப்போகிறேன் என்று கத்தினேன்.

"சொல்லு" என்றாள் அம்மா. "நான் செத்தா அவரு பக்கத்துல பொதைக்க வுடமாட்டானுங்க. அத மட்டும் ரோசன பண்ணிக்கோ."

ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு இரண்டு பேரும் குப்பத்துக்குப் போனோம். கோயில் வாசலில் பழைய பஞ்சாயத்துக்காரர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "கற்பூரம் அணைச்சுப் பொய் சொன்னானே, அவன் பொண்ணுதான நீ?" என்றார். முன்பென்றால் அவர் சட்டை கிழிந்திருக்கும். பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். அவள் கையில் இருந்த சொம்பிலிருந்து கூழ் தளும்பி மணலில் சிந்தியது.

"ஆமா" என்றேன். "எங்க நைனாதான் குடைக்குப் போட்டாரு. இன்னா இப்போ?"