தண்ணி சோதிக்க வந்த இரசாயனப் பட்டதாரி

இண்டைக்குக் காலமை அக்கராயனில, எங்கட பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவிட்ட தண்ணி வடிகட்டி விக்கிற ஒருத்தர் வந்தார். கழுத்தில டை. தான் இரசாயனப் பட்டதாரியாம். நானும் அங்கதான் நிண்டனான்.

ஒரு கிளாசில அவையின்ர கிணத்துத் தண்ணி. மற்றதில அவற்ர வடிகட்டித் தண்ணி. ரெண்டுக்குள்ளயும் கம்பிகளை விட்டுக் கரண்ட் குடுத்தார். கிணத்துத் தண்ணி மண்ணிறமாப் போச்சு. மற்றது தெளிவா நிண்டுது.

"பாருங்கோ அக்கா, இந்த ஊத்தையைக் குடிச்சுத்தான் உங்கட அவருக்குக் கிட்னி பழுதாப் போனது."

செல்வி அக்கா அழத் தொடங்கீட்டா. "நான்தானே அள்ளிக் குடுத்தனான்" எண்டு.

எனக்கு விசர் வந்திட்டுது. நான் படிச்சது ஓ.எல் வரைக்கும்தான்.

"தம்பி, இந்தக் கம்பியளில நேர்முனை எது, எதிர்முனை எது?"

"ரெண்டும் நேராத்தான் நிக்குது அக்கா."

பட்டதாரி!

குசினியில ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவற்ர சுத்தமான தண்ணிக்குள்ள போட்டன். "இப்ப கம்பியை விடுங்கோ."

கொஞ்ச நேரத்தில அதுவும் அதே மண்ணிறம்.

"செல்வி அக்கா, தண்ணியில உப்பிருந்தால் கரண்ட் ஓடும், இரும்புக் கம்பி கரையும். இது கம்பியின்ர துரு. உங்கட கிணறு நல்லதோ கெட்டதோ எண்டு இதை வைச்சுச் சொல்லேலாது."

செல்வி அக்கா கண்ணைத் துடைச்சுப்போட்டு, அந்தப் பட்டதாரியின்ர பையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில வைச்சா.

போகேக்க என்னட்டை மெல்லமாச் சொன்னார்: "அக்கா, இதைப் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

ஓம், ஒரு வீட்டுக்கும் சொல்லேல்லை. இஞ்ச பேஸ்புக்கில மட்டும்தான் போடுறன். உங்கட பக்கமும் வந்தவரோ?