வேலிப் பொட்டில் கட்டிய தங்கூசி

தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுவது என் தொழில். வட்டக்கச்சியில், வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் இருந்துகொண்டு செய்கிறேன். மிச்ச நேரத்தில் செய்வது பொம்மை விமானம். மற்றவர்கள் பொம்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும், நான் சொல்லலாம். கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய பெட்டியில், ஒட்டிச் செய்யும் துண்டுகளாக அது வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கை வைத்த பழைய காலத்து விமானம், இரண்டு சாண் நீளம்கூட இல்லை.

"சண்டைக் காலத்திலை பிளேன் சத்தத்துக்கு ஓடி ஓடியே பாதி ஆயுள் போச்சு. இப்ப அதை வீட்டுக்குள்ளையே கொண்டுவந்து வைச்சிருக்கிறியள். வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்ட கதை" என்றாள் மனைவி.

"இதுக்குச் சத்தமில்லையப்பா" என்றேன்.

இரண்டு இறக்கைகளையும் இழுத்துப் பிடிக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் வேண்டும். அவை பெட்டியில் இல்லை. மோட்டருக்குச் சுற்றும் செப்புக் கம்பியைப் போட்டுப் பார்த்தேன். விரல் பட்டால் வளைந்தது. மனைவியின் தலைமயிர் இரண்டு நாளில் தொய்ந்தது. கடைசியில் முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருபவரிடம் கேட்டு மெல்லிய தங்கூசி வாங்கினேன், தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் நூல். அது தொய்யவில்லை, ஆனால் சுருண்டு கிடந்தது, கண்ணாடிபோல மினுங்கவும் செய்தது. மினுங்கினால் யார் அதைக் கம்பி என்பார்கள்?

அதனால் ஒருநாள் பின்னேரம் அதன் ஒரு முனையை வேலிக் கதியால் தடியில் கட்டினேன். மறுமுனையைத் தேசிமரத்தின் அடிக்கவட்டுக்கு மேலால் விட்டு, அரைப்போத்தல் தண்ணீரைப் பாரமாகத் தொங்கவிட்டேன். பலகைக்கட்டையில் குந்தியிருந்து பூச வசதியாக முழங்காலுக்குக் கீழே கட்டினேன். கறுப்பு மையும் அடுப்புக் கரியும் தேய்க்கத் தேய்க்க மினுக்கம் செத்து, வெயிலில் கிடந்து பழசான கம்பியின் நிறம் வந்தது. எனக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, இறக்கை ஒட்ட உள்ளே போனேன். அந்த வேலியில்தான், நூல் குறுக்கே போன இடத்தில், அடுத்த வளவில் இருக்கும் அக்கா வந்துபோகும் பொட்டு இருந்தது. ஆள் நுழையும் அளவு இடைவெளி. அவா காலையில்தான் வருவா என்ற நினைப்பு எனக்கு.

அக்காவுக்கு இடது கால் பொய்க்கால். மீளக்குடியேறிய முதல் வருடம் விறகு பொறுக்கப் போன இடத்தில் புதைத்த வெடியின் கம்பி ஒன்று காலில் தட்டியது. மிச்சத்தை நான் சொல்ல விரும்பவில்லை.

"தம்பி."

கத்தல் இல்லை. அடங்கிய குரல். அதுதான் என்னை எழுப்பியது. வெளியே வந்தேன். பொட்டுக்குள் அக்கா நின்றா, கையில் கறிச்சட்டி. நல்ல கால் முன்னால், பாரம் முழுக்கப் பொய்க்காலில்.

"வராதை! அதிலையே நில்லு. கம்பி காலிலை முட்டுது."

கம்பி என்ற சொல் காதில் விழுந்ததோடு என் மூளை வெறுமையாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், நான் கட்டியது எனக்கு நினைவே வரவில்லை. இரண்டு தரம் வெடி தேடித் துப்புரவாக்கிய காணி இது, இருந்தாலும் மழை கிளப்பிவிடும் என்பார்களே, அதுதான் ஓடியது. என் காலுக்கடியில் என்ன கிடக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். 

"அசையாதேங்கோ அக்கா. இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்."

"எனக்குத் தெரியாதே? கால் தாங்குதில்லையடா. இதுவும் போனா நான் என்ன செய்வன்?"

குசினியில் கேத்தல் கொதித்து மூடி தட்டியது. யாரைக் கூப்பிட? அவர்கள் வரும்வரை அவா நிற்பாவா? சட்டியிலிருந்து குழம்பு அவாவின் கையில் வழிந்தது. துடைக்கவில்லை. நான் அழுதுகொண்டு நின்றேன், ஐம்பது வயதில்.

அப்போது காற்று வந்தது. தேசி இலைகளுக்கிடையில் போத்தல் ஆடியது.

என் போத்தல். என் முடிச்சு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

"ஐயோ அக்கா, அது நான் கட்டினது! பிளேனுக்கு!"

"பொய் சொல்லாதை! என்னைப் பேய்க்காட்டிப்போட்டு வெட்ட வாறாய். ரெண்டு பேரும் சாகவேண்டாம். வராதை!"

"அம்மாவாணை, தங்கூசியக்கா!"

அவா நம்பவில்லை. நம்பாத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கத்தரிக்கோலுடன் நடந்தேன். கட்டியவன் நான், பூசியவன் நான்.  இருந்தும் வெட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

போத்தல் பொத்தென்று விழுந்தது. அக்காவும் சட்டியோடு என்மேல் விழுந்தா. கன்னத்தில் ஒரு அறை விட்டா. "கோதாரி பிடிச்சவனே!" பிறகு நல்ல காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நெடுநேரம் மண்ணில் இருந்தா.

விமானம் முடிந்துவிட்டது. வேறு தங்கூசி பூசவில்லை, வெட்டியதையே பாவித்தேன். படம் அனுப்பியபோது மச்சான் எழுதினான், அசல் கம்பி மாதிரியே இருக்குதாம். மனைவி அதன்மேல் ஒரு துணியைப் போட்டு அலுமாரிக்குமேல் வைத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை.

பொட்டில் இப்போது புல் முளைத்துவிட்டது. அக்கா றோட்டால் சுற்றி, அந்தப் பொய்க்காலோடு, வாசல் படலைக்கு வருகிறா. என் வீட்டுக்குள் ஒருநாளும் கேட்டு நுழையாதவா, படலையில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறா.

"தம்பி, உள்ளுக்கு வரலாமோ?"