சாக்கடைச் சூடு

எங்கள் முதலாளி யாரிடமும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றுதான் சொல்வார். கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகிப் பேசும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் நினைவுக்கு வந்துவிடும். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், எனக்கும் அந்த 'ங்க' தானாகவே வரும். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய அற்பத்தனத்தையும் நாசூக்காக நடத்திவிடலாம் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அவிநாசிப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையும் அந்த ஆலைக்குள்ளேயே இருந்தது. பீளமேட்டில் ஜவுளி வேதியியலில் டிப்ளமோ முடித்திருந்த எனக்குச் சோதனைக்கூடத்தில் வேலை. வாடிக்கையாளர் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்துக்கு நம் நூலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதிகாரிகளில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் பெண் தொழிலாளர் விடுதியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு லீவு, யாரை ஊருக்கு அனுப்புவது, எல்லாச் சீட்டிலும் என் கையெழுத்து வேண்டும்.

எனக்கு மேலே டெக்னிக்கல் டைரக்டர் என்று ஒருவர் இருந்தார், முதலாளியின் மச்சினர். அவருக்கும் டெக்னிக்கலுக்கும் உள்ள சம்பந்தம், தன் அக்காவை முதலாளிக்குக் கட்டிக்கொடுத்தது மட்டும்தான். கதவில் பித்தளைப் பலகை மாட்டியிருந்தார். அதைத் துடைக்கத் தனியாக ஓர் ஆள்.

சாயப்பட்டறையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, நூலை மணிக்கணக்கில் அதில் வேகவைப்பார்கள். வேலை முடிந்ததும் அடியில் வால்வைத் திறந்தால் அத்தனை சுடுதண்ணீரும் கால்வாயில் போய்விடும். உடனே அடுத்த பாத்திரத்துக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக ஊற்றி, பாய்லரில் விறகை அள்ளிப் போட்டு மறுபடி முதலிலிருந்து காய்ச்சுவார்கள். மார்கழி மாதத்துக் காலையில் அந்தக் கால்வாய் நெடுக ஆவி பறக்கும். கால்வாயை மூடியிருந்த கடப்பாக் கல்லின் மேல் நாய்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். அந்த ஆலையில் அந்தச் சூட்டின் அருமை தெரிந்தது நாய்களுக்கு மட்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே டைரக்டரிடம் சொன்னேன், அந்தச் சூட்டைப் பிடித்து வேறு தண்ணீருக்கு மாற்றலாம் என்று. நகத்தைப் பார்த்தபடியே, "போனாப் போகுதுங்க அம்மணி. நம்மகிட்டதான் வெறகு இருக்குதுங்களே" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

மறுபடி அதைக் கிளப்ப வைத்தது விடுதியில் இருந்த ஒருத்தி. நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை செய்தாள், தேனிப் பக்கத்துக்காரி, எனக்கு அப்போது என்ன வயதோ அதேதான் அவளுக்கும். அவளுக்கு இளைப்பு இருந்தது. இரவு ஷிப்டு முடிந்து வரும்போது தலை முழுக்கப் பஞ்சு அப்பியிருக்கும், குளிக்காமல் படுக்க முடியாது. விடுதியில் அடுப்புக்கும் அனுமதி இல்லை, விறகுக்கும் இல்லை, தீப்பிடித்துவிடுமாம். விடியற்காலையில் பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்றினால் அடுத்த அரைமணி நேரத்தில் அவளுக்கு மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு வருடத்துக்குள் மூன்று முறை நோயறையில் படுத்தவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். அவள் அந்த ஐப்பசி மழைக்குள் இரண்டு முறை படுத்துவிட்டாள். இரண்டாம் முறை நான் பார்க்கப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"அக்கா, என்னைய ஊருக்கு மட்டும் அனுப்பிராதீங்க. அந்தாளு அங்கதான் இருக்கான்."

அந்த ஆள் அவள் புருஷன். ஏன் அவனை விட்டு வந்தாள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது, அந்தக் கையால்தான் நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சுடுதண்ணீர் இருந்தால் சமாளித்துக்கொள்வேன் என்றாள். ஒரு வாளி போதும் என்றாள்.

பாய்லர் ஃபிட்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிகம் பேசமாட்டார். பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட எவர்சில்வர் குழாய்க் கற்றை ஒன்று குப்பையில் கிடந்தது. அதைத் தூக்கிவந்து கால்வாயின் முதல் குழிக்குள் இறக்கினார். குழாய்க்கு வெளியே சாயத்தண்ணீர் ஓடும், உள்ளே கிணற்றுத் தண்ணீர் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது, குழாயின் உலோகம் வழியாகச் சூடு மட்டும் இந்தப் பக்கம் வரும். அப்படிச் சூடான தண்ணீரை ஒரு தொட்டியில் ஏற்றி, தொட்டியைத் தென்னை நாராலும் கோணிச் சாக்காலும் சுற்றிக் கட்டினோம். குழாயின் மேல் பஞ்சும் சாய மண்டியும் படிந்தால் சூடு ஏறாது என்பதால் வாரம் ஒருமுறை அவரே குழிக்குள் இறங்கித் தேய்த்தார். தேய்த்துவிட்டு ஏறினால் முழங்கால் வரை நீலமாகவோ மெரூனாகவோ இருக்கும்.

குழாயில் ஓட்டை விழுந்து சாயம் கலந்துவிடக் கூடாதே என்று தினமும் காலையில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை அந்தத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்ப்பேன். எப்போதும் வெள்ளையாகவே இருந்தது. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் அனுமதி கேட்கப் போனேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அவர் துண்டைத் தொடாமல் தள்ளியிருந்தே பார்த்தார்.

"துணி வெள்ளையாத்தான் இருக்குதுங்க அம்மணி. ஆனா சூடு எங்கிருந்து வந்துதுங்க?"

"கால்வாய்லருந்துங்க. தண்ணி கலக்காதுங்க, சூடு மட்டுந்தான்…"

"அதைத்தானுங்க சொல்றேன். சாக்கடைச் சூடு சாக்கடைச் சூடுதானுங்களே. சாமி கும்பிடறவன் அதுல குளிப்பானுங்களா?"

அந்த மனிதர் விஞ்ஞானப் பட்டதாரி. அவருடைய பட்டத்தைச் சட்டம் போட்டு அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள். சூட்டுக்கும் தீட்டு உண்டு என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. பிறகு தாராள மனசோடு ஒரு முடிவுக்கு வந்தார். "சரி, ஹாஸ்டலுக்குன்னாப் பரவால்லீங்க. நம்ம ஊட்டுப் பக்கமும் கெஸ்ட் ஹவுஸ் பக்கமும் மட்டும் வந்துபோடாமப் பாத்துக்குங்க."

அந்தத் துண்டை அவர் மேசையில் வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் "சரிங்க" என்றேன். மடித்து எடுத்துக்கொண்டு வேறு வந்தேன்.

ஆனால் விடுதியில் சுடுதண்ணீர் வந்தது. கார்த்திகையும் மார்கழியும் அவள் ஒரு நாள்கூட நோயறைப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் காலையில் ஈரத்தலையோடு என்னை வழிமறித்து, "இன்னிக்கும் மூச்சு முட்டலக்கா" என்றாள். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரே சந்தோஷம். அந்த ஆலையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

விஷயம் டைரக்டரின் காதுக்கும் போனது. ஒரு நாள் சோதனைக்கூடத்துக்கு வந்து, "அந்தச் சூட்டை வெச்சு என்ற ரூமக் குளிர வெக்க முடியுங்களா?" என்று கேட்டார். அவர் போனபிறகு நானும் ஃபிட்டரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சூட்டை வைத்தே குளிரூட்டும் இயந்திரம் உண்டென்று வெகு நாளைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போயும் போயும் அந்த மனிதர் சொன்னது சரியாகிவிட்டதே என்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

தை பிறந்ததும் வெளிநாட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர் ஆலையைப் பார்க்க வந்தார். அந்த நாட்களில் வெளிநாட்டு ஆட்கள் சாயக்கழிவைப் பற்றி நிறையக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கழிவை ஆற்றிலா விடுகிறீர்கள் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் முதலாளி அவசரமாக அவரை எங்கள் குழிக்கு அழைத்துவந்தார். சாக்கடைச் சூடு என்று மூக்கைச் சுளித்த அதே மனிதர், தன் சொந்தக் கண்டுபிடிப்பைப் போலக் குழாய்க் கற்றையைக் காட்டி இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். வந்தவர் குனிந்து உட்கார்ந்து உண்மையான ஆர்வத்தோடு பார்த்தார். இந்தத் தண்ணீரை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டார். எல்லோரும்தான் என்றார் முதலாளி, எங்கள் விருந்தினர் விடுதியிலும் இதே தண்ணீர்தான் என்றார். அப்படியானால் அடுத்த வாரம் வரும்போது ஊருக்குள் ஹோட்டல் வேண்டாம், இங்கேயே தங்கி இதிலேயே குளிக்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். முதலாளியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

இரண்டே நாளில் விருந்தினர் விடுதிக்குக் குழாய் போடப்பட்டது. தொட்டி ஒன்றுதான். பெண்கள் குளித்து முடித்தால் அவருக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும் என்று டைரக்டர் பெண்கள் விடுதிக்குப் போகும் வால்வை இறுக்கி மூடச் சொன்னார். ஃபிட்டரிடம் யாராவது கெஞ்சித் திறந்துவிடுவார்களோ என்று வால்வின் இரும்புக் கைப்பிடியையே கழற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டுங்க அம்மணி. நீங்கதான் பொறுப்பானவிய. ரெண்டே நாளுங்க."

பொறுப்பானவள் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

வாடிக்கையாளர் வந்தார், குளித்தார், குழிப்பக்கம் நின்று முதலாளியோடு படம் எடுத்துக்கொண்டார், போனார். படம் வரவேற்பறையில் மாட்டப்பட்டது. வால்வைத் திறக்கலாமா என்று டைரக்டரிடம் கேட்டேன். இன்னும் ஒரு கம்பெனிக்காரர்கள் வருவதாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரமும் கேட்டேன். "பாக்கலாமுங்க" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. யாரும் வரவும் இல்லை. ஆள் இல்லாத விருந்தினர் விடுதிக்கென்று அந்தத் தொட்டியில் சுடுதண்ணீர் நாள் முழுக்க ஏறி, நிரம்பி, வழியும் குழாய் வழியாக மறுபடி அதே கால்வாயில் போய்ச் சேர்ந்தது. சாக்கடையிலிருந்து சூட்டை எடுத்து, சுத்தமான தண்ணீரில் ஏற்றி, அதைச் சாக்கடையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். நான் தினமும் காலையில் அங்கே போய் வெள்ளைத் துண்டை ஊறவைத்துச் சோதித்து, நோட்டில் 'சரி' என்று எழுதிவிட்டு வந்தேன்.

விடுதிப் பெண்கள் சண்டைக்கு வரவில்லை. அவள் மட்டும் ஒரு முறை கேட்டாள்.

"ரெண்டு நாளுன்னாங்களேக்கா?"

"மொதலாளி சொல்லணும்மா. வால்வுக் கைப்பிடி அவங்ககிட்டத்தான் இருக்கு" என்றேன். அது என் இழுப்பறையில் இருந்தது. முதலாளியின் மேல் எனக்கு இருந்த அருவருப்பைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே, அவர் அன்றைக்கு என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பொய் முழுக்க என்னுடையது.

தை கடைசியில் மூன்றாம் முறையாக அவள் நோயறையில் படுத்தாள். ஊருக்கு அனுப்பச் சொல்லி அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு சோதனைக்கூடத்து வாசலில் வந்து நின்றாள், என் கையெழுத்து இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். உள்ளே கூப்பிட்டேன். மேசை மேல் பேனாவைக் காணோம். பதற்றத்தில் ஒன்றும் யோசிக்காமல் இழுப்பறையை முழுக்க இழுத்துவிட்டேன். மூடாமல் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் உள்ளே பார்த்தாள். மூடிய வால்வை விடுதிப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதில் இல்லாத பொருள் என்னவென்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

"இங்கதான் இருந்துச்சாக்கா" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். சீட்டை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, கோணிப்போன அந்தக் கையால் பெட்டியைத் தூக்கினாள். தேனிப் பஸ்ஸைப் பிடிக்க இங்கிருந்து எப்படிப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

அவள் கேட்டைத் தாண்டியபிறகு கைப்பிடியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். பட்டப்பகல், ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் பார்த்தார், ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். கைப்பிடியை மாட்டி, விடுதிக்குப் போகும் வால்வைத் திறந்துவிட்டு, விருந்தினர் விடுதியின் வால்வை மூடினேன். கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று அன்று மாலை வரை காத்திருந்தேன், மறுநாளும் காத்திருந்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த ஆலையில் இருந்தேன். விருந்தினர் விடுதியில் சுடுதண்ணீர் வரவில்லை என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அந்த வால்வைத் திறக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.