படையலுக்கு ஒரு சிகரெட்

மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. என் கணவரின் பதினாறாம் நாள் படையல். எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அவருடைய படத்துக்கு முன்னால் இலை போட்டு, ஆட்டுக்கறி, வடை, ஒரு போத்தல் பீர், ஒரு பெட்டி சிகரெட் என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்திருந்தோம். அவர் நுரையீரல் கெட்டு இறந்தவர். அந்தப் பெட்டியை வாங்கி வந்தவள் நான்தான். வழக்கம் அது. எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

நாங்கள் முன்பு இருந்த ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் ஒரு சிகரெட்டை உருவி என் மகனிடம் நீட்டினார்.

"அப்பாவுக்குப் பத்த வச்சுக் குடுய்யா. வாயில வச்சு இழு, அப்பத்தான் பத்தும்."

அவனுக்குப் பதினான்கு வயது. இருமப்போகிறான் என்று தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அவன் காற்று படாமல் கையால் மறைத்துப் பற்ற வைத்தான், இழுத்தான், மூக்கு வழியாகப் புகையை விட்டான், இலையோரம் வைத்தான். இருமவில்லை.

"அப்பன் மாதிரியே இருக்கான்லா!" என்றார் யாரோ. எல்லோரும் அழுதார்கள். நான் செம்பைப் பிடித்தபடியே நின்றேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. புகைபிடிக்காதீர் என்று சுகாதார இலாகா அனுப்பிய சுவரொட்டியை வகுப்பில் ஒட்டியவள். ஒரு மாதம் கழித்துத்தான் தெருமுனைக் கடைக்குப் போகத் துணிந்தேன். டின்னைத் திறந்துவைத்து ஒற்றை ஒற்றையாகச் சிகரெட் விற்கிற கடை.

"சின்னப் பையனுக்கு எப்படிண்ணே குடுக்கிறீங்க?"

"முன்ன அப்பாவுக்குன்னு வாங்குவான். இப்ப படையலுக்குங்கிறான். மாசத்துக்கு எத்தனை படையல்னு நான் எப்படி டீச்சர் கேக்கிறது?"

ஏழு வயதிலிருந்து அவனை அந்தக் கடைக்கு அனுப்பியவர்கள் நாங்கள்தான். பள்ளிச்சட்டை போட்டவர்களுக்கு இனி விற்பதில்லை என்றார் கடைக்காரர். மகன் சட்டையை மாற்றிக்கொண்டு போனான்.

அவனுடைய தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டார். அவர் மேசையிலேயே சாம்பல் கிண்ணம் இருந்தது. கிளினிக்கில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். கல்யாணத் தாம்பாளத்தில் வெற்றிலையோடு சிகரெட் வைப்பதை நிறுத்தலாமே என்று கோயில் கமிட்டியில் கேட்டேன். "வந்தவங்களுக்கு மரியாதை வேணாமா டீச்சர்?" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். அலைந்து அலைந்து ஓய்ந்துபோனேன். மகன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் சட்டையை முகர்ந்தேன். அவனும் நின்று முகரக் கொடுத்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் அவனே சொன்னான்: "விட்டுர்றேன்மா. தெவசத்துக்கு அப்பாவுக்குப் பத்த வச்சுத்தானே ஆகணும்? அதோட சரி."

அதோட சரி என்று அவன் அப்பாவும் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். படையலில் இனி சிகரெட் வேண்டாம் என்று எஸ்டேட்டுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

திவசத்தன்று இலையில் நான் சிகரெட் வைக்கவில்லை. மகன் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தான். பெரியப்பா வாங்கி வருவார் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கடைசியாக அவர் வந்தார். சட்டைப் பையில் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. இலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மகன் கையை நீட்டினான். பைக்குப் போன அவர் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெறுங்கையாக இறங்கியது.

"என் தம்பி அங்கிட்டுப் போயி சிகரெட்ட நிறுத்திட்டான்னு வச்சுக்குவோம்மா," என்றார் என்னிடம். அவன் பக்கம் திரும்பினார். "சூடத்த மட்டும் கொளுத்துடா."