லாரியோடு போன தட்டுகள்

புது ரோடு திறந்த அன்று எங்கள் ஹோட்டலில் சாம்பார் மிஞ்சியது. அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

எழுபதுகளில், பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே எல்லையோரச் சிறு டவுன் ஒன்றில் நான் சப்ளையர். லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. செக்போஸ்ட் ஊருக்குள் இருந்ததால் டிரைவர்கள் வண்டியை லைனில் போட்டுவிட்டு வந்து சாப்பிடுவார்கள். ஹைவே ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. செக்போஸ்ட்டும் கூடவே போய்விட்டது. கடைவீதியில் நாய்கள் நடுரோட்டில் தூங்கின.

முதலாளி ராமசாமி சில நாள் பார்த்தார்.

"மாசக் கடைசியோட மூடிர்லாம் பழனி. நீ வேற பொழப்புப் பாத்துக்க."



"ஏனுங்க, இனி லைன உட்டுட்டு டிரைவருங்க வர முடியாதுங்க. நாம சோத்த அங்க கொண்டு போலாமுங்க."

"உக்கார வெச்சுச் சோறு போட்ட கடைடா இது! ரோட்டுல கூவி விக்கச் சொல்றியா?"

விடாமல் நச்சரித்தேன். கடைசியில், "எலையில போட்டா மடியில கொட்டிக்குவாங்க, இதக் கொண்டு போ" என்று கடைப்பெயரும் ஊர்ப்பெயரும் வெட்டிய எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக் கொடுத்தார். கடைக்கென்று ஆசையாக வாங்கியவை.

சைக்கிளில் கொண்டு போனேன். எல்லோரும் ஆவலாக வாங்கினார்கள். பாதிச் சாப்பாட்டில் லைன் நகர்ந்தது. "பழனி, சாம்பாரு!" என்று கேபினிலிருந்து கத்தினார்கள். வாளியோடு லாரிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே ஊற்றினேன். செக்போஸ்ட் கேட்டைத் திறந்தார்கள். அவ்வளவுதான், வண்டிகள் தட்டுகளோடு போய்விட்டன.

"தட்டெல்லாம் எங்கடா?"

"பாலக்காடு போயிருச்சுங்க."

முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், ஊருக்குள் ஹாரன் சத்தம். சேலத்து டிரைவர் மாணிக்கம் ஹைவேயிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார். கையில் கழுவின தட்டு.

"இந்தாங்க மொதலாளி. அன்னிக்கு ரசம் குடிக்காமயே போயிட்டனுங்க. மொதல்ல அத ஊத்தச் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் தட்டுகளோடு இன்னும் லாரிகள். நாய்கள் எழுந்து ஓரமாகப் போயின. முதலாளியே இலை போட்டார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கை கழுவ வந்தவர்களிடம் மறுசோறு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு எல்லாத் தட்டையும் கொண்டு போ. வண்டி நகந்தா நகரட்டும்."

கடையை மூடும் பேச்சு அதோடு நின்றது. இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாப்பிடுகிறவனை நம்புங்கள், தட்டுக்கு அழாதீர்கள். ஹைவே போர்டில் எங்கள் ஊர்ப்பெயர் இல்லை. தட்டில் இருந்தது, அதைப் பார்த்துப் புது டிரைவர்களும் வழி கேட்டு வந்தார்கள்.