உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்

ஒரு மனிதன் கண்ணெதிரே இல்லாதபோது, அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை எப்படி நிரூபிப்பது? சர்வகலாசாலை வரை படித்தவள் நான். ஐம்பதை நெருங்குகிறேன். இதற்கு இன்னும் எனக்கு விடை தெரியாது.

அந்தக் கேள்வி என்னிடம் வந்த நாளில் சோழகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மன்னாரில் சோழகம் என்றால் பல்லுக்குள்ளும் மணல்தான்... பள்ளிக்கூட மண்டபத்துக் கதிரைகளை நான் துடைக்கத் துடைக்க மறுபடியும் மணல். யன்னலால் கருவாட்டு மணம்.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லாரும் பேசிய காலம். சர்வகலாசாலையிலிருந்து ஒருவர் வந்து ‘இன்றைய சட்டப் பிரச்சினைகள்’ என்று பேசுவதாக அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். வந்தவர் பறங்கியர், தமிழ் தெரியாது. பட்டம் எடுத்துக்கொண்டு வந்து அப்போதுதான் படிப்பிக்கத் தொடங்கியிருந்த என்னை மொழிபெயர்க்கக் கேட்டார்கள்.

எனக்குப் பெருமைதான். மறைக்க ஒன்றுமில்லை.

ஆண்கள் கதிரைகளில். பெண்கள் வெளியே, யன்னல் ஓரமாக. வாக்குரிமை, காணி உறுதி எழுதுதல், பிறப்புப் பதிவு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ‘கேள்விகள் இருக்கிறதா’ என்றார்.

யன்னலிலிருந்து மதலேனாள் கேட்டாள்.

பேசாலைப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் லூயிஸ் பினாங்குக்குக் கப்பலேறியவன், திரும்பவில்லை. பிள்ளையில்லை. அவள் குடியிருந்த வீடும் பனங்காணியும் லூயிசுக்குத் தகப்பன் வழியில் வந்தவை. அவன் செத்துவிட்டான் என்று நீதிமன்றம் ஏற்றால், அவை தம்பி சூசைக்குப் போய்விடும். சூசை முன்வரிசையில்தான் இருந்தான்.

“ரீச்சர், ஏழு வருஷம் ஆள் வராட்டி செத்த கணக்கெண்டு சூசை சொல்லித் திரியிறான். அப்பிடி ஒரு சட்டம் இருக்கோ எண்டு துரையைக் கேளுங்கோ. என்ர மனிசன் சீவனோட இருக்கிறார்.”

சூசை திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “ஆர் மச்சாள் இல்லையெண்டது? வரச் சொல்லுங்கோவன். நானே வள்ளம் கொண்டுபோய் ஏத்திக்கொண்டு வாறன்.”

துரை நிதானமாகத்தான் பதில் சொன்னார். ஒருவன் செத்துவிட்டான் என்று சட்டம் சொல்வதில்லை. ஆனால் அவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால், அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

நீண்ட வசனம். நான் அதன் கடைசிப் பாதியை முதலில் சொன்னேன்.

“உயிரோட இருக்கிறார் எண்டு சொல்லுறவைதான் அதை நிரூபிக்க வேணுமாம்.”

“நான்தானே சொல்லுறன்” என்றாள் மதலேனாள்.

பக்கத்து ஊரான தாராபுரத்து வியாபாரி ஒருவர் எழும்பினார்.

“எங்கட வீட்டில அந்தக் கரைச்சல் இல்லைத் தங்கச்சி. என்ர மனிசி உயிரோட இருக்கிறா எண்டதுக்கு முழுத் தாராபுரத்துக் காதும் சாட்சி!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் வேறொருவர் மாட்டு வண்டி லைசென்ஸ் பற்றிக் கேட்டுவிட்டார். வசனத்தின் மற்றப் பாதி என் வாயிலேயே நின்றுவிட்டது. அந்த ஏழு வருஷமும் கடைசியாகச் செய்தி வந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும் என்பதை அவளுக்கு நான் சொல்லவேயில்லை.

சூசைக்கு இடறிய இடமும் அதுதான். அண்ணனின் கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்று அவனால் காட்ட முடியவில்லை. சண்டை தொடங்கிய பிறகு, பினாங்குக்கு யப்பான்காரன் வருவதற்குச் சற்று முன்னால் வந்தது என்று மதலேனாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் ஏழு வருஷம் இன்னும் ஆகவில்லை. பொய்யில்லை, அவள் நினைவு அப்படி. அந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டிய பங்குச் சுவாமியார் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார்.

கூட்டம் கலையும்போது என்னிடம் வந்தாள்.

“நிரூபிச்சுக் காட்டுறன் ரீச்சர். துரை எப்ப போறார்?”

“நாளைக்குக் காலமை. வாடிவீட்டில நிப்பார்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். துரை என் ஆங்கிலத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்...

இப்போது சட்டத்தைத் தமிழிலேயே விளக்குகிறார்கள். கருத்தரங்கு என்று பெயர். ஒலிபெருக்கி உண்டு, பெண்களுக்கும் கதிரை உண்டு. போன மாதம்கூட ஒன்றுக்குப் போனேன். பேசிய பிள்ளை கெட்டிக்காரன், அவனுக்கும் சனங்களுக்கும் நடுவில் என்னைப்போல் ஒருத்தி தேவைப்படவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழும்பி ஏதோ கேட்டாள். அவன் சொன்னதில் பாதிக்கே தலையாட்டிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். முடிந்ததும் வாசலில் அவளைத் தேடினேன். போய்விட்டிருந்தாள்.

இந்தக் கூட்டங்களால் ஆருக்கு என்ன பயன் என்று என்னைக் கேட்காதீர்கள். துரை பேசிய கூட்டத்துக்கு அடுத்த நாள் நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மதலேனாள் பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலை உடுத்து, ஒரு பிஸ்கட் தகரத்தோடு, துரை தங்கியிருந்த வாடிவீட்டு வாசலில் நின்றாள். சூசையும் பின்னாலேயே வந்திருந்தான். தகரத்துக்குள் துணியில் சுற்றிய ஒரே ஒரு கடிதம். உறை இல்லை.

“இந்தாங்கோ. வாற மார்கழி நத்தார்ப் பெருநாளுக்கு வாறன் எண்டு தன்ர கையால எழுதியிருக்கிறார். செத்துப்போற ஆள் இப்பிடி எழுதுமோ?”

துரை அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எப்போது எழுதியது என்று கேட்டார்.

நாங்கள் நான்கு பேர். துரைக்குத் தமிழ் தெரியாது. மதலேனாளுக்கும் சூசைக்கும் எழுத்தே தெரியாது. மேல் மூலையில் இருந்த திகதியை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். சண்டைக்கு முந்திய வருஷம். எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மதலேனாள் என் வாயைப் பார்த்தபடி, நத்தார் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

துரைக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, மொழிபெயர்த்துப் பழகிய வாயால், தமிழிலும் சொன்னேன்.

“ரீச்சர்,” என்றான் சூசை, “அந்த வருஷத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

சொன்னேன்.